கண்ணுக்குத் தெரிந்த நகம்

பந்தல்குடியில் தார்ப்பாய்க் கடைக்கு முன்னால் நிற்கும் மயில்கொன்றை, மழை பொய்த்த இரண்டாவது வருஷத்துப் பங்குனியில், தன் நிழலில் நின்றவர்களின் உடம்பில் நகக்கீறல் போட ஆரம்பித்தது. வலி கிடையாது, ரத்தம் கிடையாது. உதிர்கிற பூ மேலே பட்ட கொஞ்ச நேரத்தில், பென்சிலால் இழுத்த மாதிரி சிவப்பாக ஒரு கோடு எழும்பும்; பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. யாரும் காணாமல் யாருக்கு எங்கே காயம் பட்டிருந்ததோ அங்கேதான் கோடு விழுகிறது என்பது ஊருக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த வருஷம் மிளகாய் வத்தல் நல்ல விலைக்குப் போனது, விற்பதற்குத்தான் யாரிடமும் வத்தல் இல்லை. முழுக்கை ரவிக்கைக்குத் தையல்கூலி ஐம்பது ரூபாய் ஏறியது.

முதல் கீறல் தங்கச்செல்வியின் இடது முழங்கைக்குக் கீழே விழுந்தது. அவள் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் மாசி மாதத்திலிருந்து அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு கீறல்தான்.

தங்கச்செல்வி திருச்சுழிக்காரி. அருப்புக்கோட்டையில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தவளைக் கடைசிப் பரீட்சைக்கு முன்னால் நிறுத்தி, தூத்துக்குடி ரோட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கணேஷ்குமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல இடம். கணேஷ்குமார் கை நீட்டாதவர், குடிக்காதவர், சித்திரை வெயிலில் கடை வாசலில் மோர்ப்பந்தல் போடுகிறவர். கடைக்கு முன்னால் மரம் இருந்தது. லோடு லாரிகள் நிழலுக்கு ஒதுங்கினால் வியாபாரம் ஆகும் என்று அவருடைய அப்பா நட்டது. நாளடைவில் பஸ்ஸும் அங்கேயே நிற்க ஆரம்பித்தது. சித்திரைக்குச் சற்று முன்னால் இலையெல்லாம் கொட்டிவிட்டு, தீப்பிடித்த மாதிரி பூக்கும். ஊரில் அதை மே மாசப் பூ என்பார்கள்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் விருந்துக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கணேஷ்குமார் மரத்தைக் காட்டி, இதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த பேருக்கு ராசா மரம் என்று அர்த்தம், எங்க அப்பா சும்மா நடவில்லை என்றார். வெற்றிலைத் தட்டோடு வந்த தங்கச்செல்வி, படிப்பின் ஞாபகத்தில், ஒரு பூவை எடுத்து இதழ்களைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். டெலோனிக்ஸ் ரீஜியா என்பது இதன் பெயர். ராஜா என்பது பின்பாதி. முன்பாதிக்குக் கிரேக்க மொழியில் பளிச்சென்று தெரிகிற நகம் என்று அர்த்தம். இதோ, ஒவ்வொரு இதழும் அடியில் குறுகி, நீளமாக நகம் மாதிரி இறங்குகிறதே, இதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்றாள். அவளுக்கு அது பிடித்த பாடம். குரலில் அந்த சந்தோஷம் இருந்தது.

“ஏலே கணேசு, ராசா ராசான்னு பீத்திக்கிட்டியே, நகத்தோடல்லாலே ஒண்ணக் கூட்டிட்டு வந்திருக்க. முதுக பத்திரமாப் பாத்துக்கோ!” என்றான் கருத்தப்பாண்டி என்கிற கூட்டாளி. எல்லாரும் சிரித்தார்கள். கணேஷ்குமாரும் சிரித்தார். அவர் சிரித்ததை அவள் பார்த்தாள், பின்னால் எத்தனையோ தடவை அந்தச் சிரிப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள்; அதில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அவர் அவளோடு பேசவில்லை.

கோபம் என்று அவள் நினைத்தாள். பிறகு பழக்கம் என்று நினைத்தாள். முதலில் மாமியார் அழகுத்தாய் வழியாகப் பேச்சு வந்தது. “அதுகிட்டச் சொல்லுங்கம்மா, தண்ணி கொண்டாரணும்னு.” தங்கச்செல்வி பக்கத்திலேயே நிற்பாள். அழகுத்தாய் இறந்த பிறகு கடையில் கயிறு அளக்கும் மாரிக்கண்ணன் வழியாக வந்தது. அவர் கூச்சப்பட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். யாரும் இல்லாதபோது கணேஷ்குமார் சுவரிடம் சொன்னார், முருகன் காலண்டரிடம் சொன்னார். கோபமான குரல் இல்லை, சாந்தமான குரல். படுக்கையில் மட்டும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் விளக்கை அணைத்தார். அவள் அழுது பார்த்தாள், சமையலில் உப்புப் போடாமல் பார்த்தாள், ஒரு நாள் காலில் விழுந்தும் பார்த்தாள். அவர் காலைப் பதமாக நகர்த்திக்கொண்டு மாரிக்கண்ணனைக் கூப்பிட்டு, “அதுகிட்டச் சொல்லுங்க, தரை ஈரமா இருக்கு, சளி பிடிக்கும்னு” என்றார்.

சுகப்பிரியா பிறந்தாள். பிள்ளை எப்போது பேசும் என்று ஏங்கிக் காத்திருந்த தங்கச்செல்விக்கு, அந்த வீட்டில் தன்னைப் பார்த்துப் பேச ஒரு வாய் வரப்போகிறது என்ற எண்ணம்தான் சோறாக இருந்தது. பிள்ளை முதன்முதலாக முழுசாகச் சொன்ன வாக்கியம், “அப்பாக்குச் சோறு வைக்கச் சொன்னாக” என்பது. மாரிக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வேலை குறைந்தது.

பத்து வயசு வரைக்கும் பிள்ளைக்குத் தன் பேச்சு கொஞ்சம் இருந்தது. பங்குனியில் கொன்றை மொட்டைப் பிளந்து, அந்தப் பச்சைத் தோலை விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு, “அம்மா, பேய் நகம்!” என்று பயம் காட்டுவாள். பிறகு அது வற்றியது. கண்மாய் வற்றுகிற மாதிரி, ஒரே நாளில் இல்லை, ஓரத்திலிருந்து. அப்பா சொல்லி அனுப்பியது மட்டுமே அவள் வாயிலிருந்து வந்தது. தை மாதத்தில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற பிள்ளை, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல், முருகன் காலண்டரைப் பார்த்து, “அதுகிட்டச் சொல்லு, சடை பின்னணும்னு” என்றது. குரலில் கோபம் இல்லை. சாந்தமான குரல்.

தங்கச்செல்வி சடையைப் பின்னிவிட்டாள். பிள்ளையை அனுப்பினாள். அடுக்களையில் உட்கார்ந்து, தனக்கு என்ன ஆகிறது என்று தானே கவனித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று கூட்டிப் பெருக்கி, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பத் தயாராகிற மாதிரி இருந்தது. அதோடு போய்விட்டால் திரும்பி வர முடியாது என்று தெரிந்தது. பிள்ளையை எடுத்துக்கொண்டு இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷத்தில் எடுத்துப்போகப் பிள்ளை இருக்காது என்று நினைத்தாள்.

அவர்கள் வகையறாவில் வீட்டு வழக்கு வெளியே போவதில்லை. மாசியில் ஒரு தடவையும் சித்திரைப் பௌர்ணமிக்கு ஒரு தடவையும் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் பெரியவர்கள் உட்காருவார்கள். பெண் தன் பிள்ளையோடு புகுந்த வீட்டைவிட்டுப் போக வேண்டுமானால் உடம்பில் தடம் காட்ட வேண்டும். சாட்சி பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்பது அவர்கள் வைத்திருந்த வழக்கம். தடத்தைக் காட்டிவிட்டால் மறுபேச்சு இல்லை. புருஷன் வீட்டார் பிள்ளையையும் சீரையும் வண்டி பிடித்து ஏற்றிவிட வேண்டும். இதனால் பிழைத்த பெண்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. மாசிக் கூட்டத்தில் தங்கச்செல்வி போய் நின்றாள். தலைமைக்கு ஜோதிலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

“கை நீட்டுனாராத்தா?”

“இல்ல மாமா.”

“குடி? வேற தொடுப்பு?”

“அதெல்லாம் இல்ல.”

“பெறகு என்னதான் செய்யுதாரு?”

“பேச மாட்டேங்காக.”

மண்டபம் சிரித்தது. “ஊருல எல்லாரும் புருசன் ஏசுறான்னு வாராக, நீ ஏசலைன்னு வந்திருக்க,” என்றார் ஒருவர். “எங்க வீட்டுல ஒரு நாள் பேசாம இருந்தா நான் மொட்டையே போட்டுக்கிடுதேன்,” என்றார் இன்னொருவர். கணேஷ்குமார் எல்லாருக்கும் கை குவித்து, வீட்டில் என்ன குறை என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள் என்று பணிவாகச் சொன்னார். ஜோதிலிங்கம் கெட்டவர் இல்லை. தடம் இல்லாமல் பிள்ளையைப் பிரிக்க வழக்கம் இடம் கொடுக்காது, சித்திரைக்கு வா, அதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று திருச்சுழியில் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா முத்துலட்சுமி அரிசி புடைத்துக்கொண்டே, “கூறுகெட்டவளே, நகம் இல்லையா ஒனக்கு? நீயே நாலு கீறு கீறிட்டுப் போய்க் காட்டு. எவ பாக்கப் போறா?” என்றாள். அம்மா சும்மா சொல்லவில்லை என்பதும், அம்மாவுக்கு இந்த யோசனை புதுசு இல்லை என்பதும் தங்கச்செல்விக்குப் புரிந்தது. அம்மாவின் கைகளைப் பார்த்தாள். அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பங்குனி பிறந்து, மரம் பூத்து, ஒரு மத்தியானம் ரோட்டில் ஆளில்லாத நேரம் அவள் மரத்தடிக்குப் போனாள். அம்மா சொன்னதைச் செய்வதற்காகத்தான் போனாள். வலது கை நகத்தை இடது கையில் வைத்து அழுத்தினாள், முடியவில்லை. வலிக்குப் பயந்து இல்லை. தன் நகத்தால் கீறினால் அது பொய்யாகிவிடும், பிறகு நிஜமாக இருந்ததும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. அப்போதுதான் பூ ஒன்று முழங்கையில் விழுந்து, வழுகிக் கீழே போனது. முதல் கோடு எழும்பியது. அவள் அசையாமல் நின்றாள். சாயங்காலம் பரளச்சி பஸ் வந்து நின்றபோது அவள் இரண்டு கையிலும், கழுத்திலும், ரவிக்கை மறைக்காத முதுகிலும் இடமில்லாமல் கோடு நிறைந்திருந்தது. கல்யாணமான பிறகு முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்ததை மாரிக்கண்ணன் பார்த்து, பயந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

ஆனால் பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்களையும் மரம் விடவில்லை. பூ விற்கிற சுமதிக்குத் தோளில் விழுந்தது. வீரசோழன் சந்தைக்குத் துணி கொண்டுபோகிற வியாபாரிக்கு முதுகில். உப்பு லோடு ஏற்றிவந்த தூத்துக்குடி டிரைவர் ஒருவர் பனியனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தன் அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்து, லாரிப் படியில் உட்கார்ந்து அழுதார். பிறகு முகம் கழுவி, டீ குடித்து, லோடோடு போனார். ஜோதிலிங்கத்தின் மனைவி லிங்கம்மாள் ஒரு கல்யாணத்துக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றவர், போகாமல் வீட்டுக்குத் திரும்பி, அந்த வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டார். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த தோல் டாக்டர் அலர்ஜி என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார். களிம்புக்குப் பலன் இருந்தது, கோடுகள் பளபளத்தன. ஆட்கள் செல்போனில் படம் எடுத்தார்கள், படத்தில் கோடு விழவில்லை, கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். பஸ்ஸை நூறடி தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். தார்ப்பாய்க் கடையில் வியாபாரம் படுத்தது.

இத்தனையிலும் தங்கச்செல்வி ஒரு காரியம் செய்தாள். பிள்ளையை மரத்தடிக்கு விடவில்லை. கொல்லைப்புறமாக, சீமைக்கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பிள்ளைக்குக் காயம் இருந்தால் பார்க்கத் தாங்காது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதற்கும் கீழே வேறொரு பயம் இருந்தது, அதை அவள் கிட்டப் போய்த் தொடவில்லை: கோடு விழுந்தால், அதில் எத்தனை தான் போட்டதாக இருக்கும்?

சித்திரைப் பௌர்ணமியன்று காலையில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. வாசலில் வெயில் வெள்ளையாக அடித்தது. தங்கச்செல்வி முழுக்கை போடாமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கையையும் நீட்டினாள். ஜோதிலிங்கம் வெகுநேரம் பார்த்தார். பெண்கள் பக்கம் ரவிக்கைக் கைகள் மணிக்கட்டு வரைக்கும் இறங்கியிருப்பதையும், அந்த வரிசையில் தன் மனைவி இருப்பதையும் பார்த்தார். “ஆத்தா,” என்றார், “இது எல்லாரு மேலயும் இருக்கே.”

அப்போது கணேஷ்குமார் எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். அவரும் மரத்தடியில் நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சில் ஒரே ஒரு கீறல். உழுத மாதிரி ஆழம். “இத யாரு போட்டதுன்னு அதுகிட்டக் கேளுங்க,” என்றார். குரலில் முதல்முறையாகச் சாந்தம் இல்லை.

தங்கச்செல்வி அதைப் பார்த்தாள். பழைய சிரிப்பு ஞாபகம் வந்தது, வெற்றிலைத் தட்டு, உள்ளங்கையில் சிவப்பு இதழ்கள். தனக்குப் பிடித்த பாடத்தை ஒரு பெண் சொன்னாள். அது இங்கே, இவ்வளவு ஆழத்துக்கு, போய் நின்றிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் வலித்திருக்கிறது. அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம்தான் அதுவரை பட்டதிலேயே அதிகமாக அவளைக் களைப்பாக்கியது.

பெரியவர்கள் கலந்து பேசினார்கள். ஜோதிலிங்கம் தீர்ப்புச் சொன்னார்: “ஒத்தைத் தடம்னா போட்டது யாருன்னு சொல்லிறலாம். ஒம் மேல இருக்கிறது வத்துன கம்மாத் தரையால்ல இருக்கு. எந்த வெடிப்பு எந்த வெயிலுல விட்டுச்சுன்னு எவன் சொல்ல? வீட்டுக்குப் போத்தா. அவருகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கோ.”

அவள் நின்ற இடத்தில் நின்றாள். நீட்டிய கையை மடக்க மறந்துபோயிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து லிங்கம்மாள், தன் புருஷனைப் பாராமல், “பிள்ளைய நிறுத்திப் பாருங்க,” என்றார். ஜோதிலிங்கம் திரும்பினார். “பிள்ளை மேல தடம் இருந்தா அது வேற கதை,” என்று மெதுவாகச் சொன்னார். “அதுக்கு எவனும் பதில் சொல்லித்தான் ஆகணும்.”

கூட்டம் முழுக்க ரோட்டைக் கடந்து மரத்தடிக்கு நடந்தது. ஆனால் நிழலுக்குள் யாரும் கால் வைக்கவில்லை, விளிம்பில் வட்டமாக நின்றார்கள். தங்கச்செல்வி மகளின் தோளைப் பிடித்து உள்ளே நடத்திப்போனாள். காற்று வந்தது, பூக்கள் கொட்டின. கோடு விழட்டும் என்று தான் வேண்டிக்கொள்வதை அவள் கேட்டாள். பெற்ற பிள்ளையின் உடம்பில் காயம் தெரிய வேண்டும் என்று, பத்து விரலும் குளிர்ந்துபோகும்படி, ஒரு தாய் வேண்டிக்கொண்டிருந்தாள். இதற்குமேல் இறங்கப் படி இல்லை என்று நினைத்தாள்.

கோடு விழவில்லை. கை, கழுத்து, கன்னம், எங்கும் இல்லை. பிள்ளை மழையில் நனைந்த வாழைக்குருத்து மாதிரி சுத்தமாக நின்றாள். கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. கணேஷ்குமார் சட்டையைப் பூட்டிக்கொண்டார். அப்போது சுகப்பிரியா தன் கைகளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

பத்து விரல்களிலும் நகம் வளர்ந்துகொண்டிருந்தது. சிவப்பாக, அடியில் குறுகி, நுனியில் விரிந்து, இதழ் மாதிரி. ஒன்றில் மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி. ஒட்டிக்கொண்ட மொட்டுத்தோல் இல்லை. சதையிலிருந்து வந்தது. ஊரெல்லாம் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், கீறிய நகம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. தங்கச்செல்வி இப்போது அதைப் பார்த்தாள். பிள்ளையை யாரும் கீறவில்லை. அவளைத்தான் நகமாகக் கையில் மாட்டிக்கொண்டு கீறியிருக்கிறார்கள்.

ரோட்டில் லாரிகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. பிள்ளை முருகன் காலண்டரைத் தேடுகிற மாதிரி இங்கும் அங்கும் பார்த்தாள். மரத்தடியில் காலண்டர் இல்லை, சுவர் இல்லை. அம்மா மட்டும் இருந்தாள்.

“அம்மா,” என்றாள். தூர்ந்துபோன கிணற்றில் ஊற்று கண் திறந்த மாதிரி இன்னொரு தடவை, “அம்மா. இது போகாதா?”

“போகாது போலருக்குத்தா,” என்றாள் தங்கச்செல்வி. “வெட்டிக்கிடலாம்.”

ஜோதிலிங்கம் கணேஷ்குமாரிடம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறீரா என்று கேட்டார். கணேஷ்குமார் மகளின் கைகளைப் பார்த்தார். சொல்லி அனுப்ப யாராவது இருக்கிறார்களா என்று அவருடைய கண் கூட்டத்தில் தேடியது. மாரிக்கண்ணன் கடைக்குள் போய்விட்டிருந்தார். கணேஷ்குமார் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தடம் இல்லையென்றாலும் நகம் இருக்கிறது, வழக்கத்தில் இதற்கு இடம் இல்லை, வழக்கம் இல்லாத இடத்தில் தாய்தான் பொறுப்பு என்று ஜோதிலிங்கம் சொன்னார். உண்மையில் அந்தப் பிள்ளையை வேறு யாரும் கேட்கவில்லை. சீர் பாத்திரங்களை ஏற்றத் தார்ப்பாய்க் கடையிலிருந்தே கயிறு கொடுத்தார்கள். கயிற்றுக்கு விலை வாங்கவில்லை.

அவர்கள் இப்போது அருப்புக்கோட்டையில், ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார்கள். தங்கச்செல்வி நர்சரி ஒன்றில் கன்றுகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலைக்குப் போகிறாள். பந்தல்குடி மரம் வருஷா வருஷம் பூக்கிறது. அடியில் யாரும் நிற்பதில்லை என்பதைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. முழுக்கை ரவிக்கைக்குத் தையல்கூலி பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. எல்லாரும் அதையே தைப்பதால் தையல்காரர்களுக்குக் கை பழகிவிட்டது. கணேஷ்குமார் மோர்ப்பந்தல் போடுவதை நிறுத்தவில்லை. யார் வந்தாலும் அன்பாகப் பேசுகிறார்.

சுகப்பிரியாவுக்குப் பங்குனி பிறந்தால் நகம் வேகமாக வளரும். பள்ளிக்கூடத்தில் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு கோலப்போட்டிக்குக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்து வாசலில் உட்கார்ந்து அம்மா வெட்டிவிடுவாள். வெட்டிய சிவப்பை முறத்தில் கூட்டிச் செடிக்குப் போடுவாள். வெட்டி முடிகிற வரைக்கும் பிள்ளை நிறுத்தாமல் பேசுவாள். டீச்சரைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி. பேச்சு வேகத்தில் கையை ஆட்டுவாள், நகம் அம்மாவின் மணிக்கட்டில் கிழித்துவிடும்.

“அய்யய்யோ, வலிக்காம்மா?”

“வலிக்குத்தா.”

அந்தக் கீறலில் ரத்தம் வரும். எரியும். மஞ்சள் வைத்தால் ரெண்டு மூணு நாளில் ஆறிவிடும்.